பெடல் பஞ்சாகும்போது

ஸ்போர்ட்ஸ் காரின் பிரேக் பெடல் பஞ்சுபோல் அமுங்குகிறது என்று யாரிடமாவது சொன்னால், பெரும்பாலும் பதிலாகக் கிடைப்பது ஒரு பொருளின் பெயர்தான். ஸ்டீல் பின்னல் ஓஸ் போடுங்கள் என்பார் ஒருவர். ரேஸ் பேட், பெரிய டிஸ்க், விலை கூடிய பிரேக் ஆயில் என்று அடுத்தடுத்தவர்கள் அடுக்குவார்கள். இவை எல்லாமே நல்ல பொருள்கள்தான், தேவைப்படும் இடமும் இவற்றுக்கு உண்டு. ஆனால் பெடல் ஏன் அமுங்குகிறது என்று தெரியாமல் இவற்றில் எதை வாங்கினாலும் அது குருட்டுச் செலவு. இந்த அத்தியாயம் வலியுறுத்துவது ஒன்றைத்தான்: பெடல் எப்போது பஞ்சாகிறது, அமைப்பின் எந்தப் பகுதியில் பஞ்சாகிறது என்ற இரண்டுக்கும் விடை கிடைக்கும் வரை பணப்பையைத் திறக்காதீர்கள். பெரும்பாலான கார்களில் விடை கிடைத்ததும் ஒரு பாட்டில் புது ஆயிலோடும் ஒரு பகல் வேலையோடும் கதை முடிந்துவிடும்.

முதலில் பஞ்சுத்தன்மை எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் தேரை நிறுத்த முட்டுக்கட்டை போடுகிறார்கள். கட்டை அமுங்காது, சக்கரத்துக்கும் தரைக்கும் இடையில் அது போய் அடைந்த கணத்திலேயே தடை பிறக்கிறது. காரில் அந்த வேலையைச் செய்வது குழாய்க்குள் இருக்கும் பிரேக் ஆயில். அதுவும் கிட்டத்தட்ட அமுங்காத பொருள்தான். பலமாகப் பிரேக் பிடிக்கும்போது குழாயில் 70 பார் அழுத்தம் எழுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த அழுத்தத்தில் 100 மில்லி ஆயில் அரை மில்லி அளவுக்குக்கூடச் சுருங்காது. காற்று அப்படியல்ல. அதே அழுத்தத்தில் ஒரு காற்றுக்குமிழி தன் பழைய அளவில் எழுபதில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். அதாவது குழாயில் ஒரு மில்லி காற்று இருந்தால், பெடல் தள்ளும் ஆயிலில் ஏறக்குறைய ஒரு மில்லி அந்தக் குமிழியை நசுக்குவதற்கே போய்விடும். 22 மில்லிமீட்டர் விட்டமுள்ள மாஸ்டர் சிலிண்டரில் ஒரு மில்லி என்பது பிஸ்டன் இரண்டரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக நகரும் தூரம். பெடலின் நெம்புவிகிதம் நான்குக்கு ஒன்று என்றால், உங்கள் காலுக்கு அது ஒரு சென்டிமீட்டருக்கும் மேல். ஒரே ஒரு மில்லி காற்று ஓட்டுநரைப் பயமுறுத்தப் போதுமானது என்பதை இந்தச் சின்னக் கணக்கு காட்டுகிறது. வேறொன்றையும் இது காட்டுகிறது. குமிழி முழுதாக நசுங்கியபின் அழுத்தம் பேடுக்குப் போய்ச் சேர்ந்துவிடும், கார் நிற்கவும் செய்யும். அதனால் பஞ்சுப் பெடல் என்பது முதற்கட்டத்தில் பிடிப்பு குறைந்ததன் அடையாளமல்ல, பெடலின் நகர்வு எங்கோ வீணாவதன் அடையாளம். பிடிப்பைக் கூட்டும் பேடையும் டிஸ்க்கையும் வாங்கி இந்த வீணை அடைக்க முடியாது.

இனி முதல் கேள்விக்கு வருவோம்: எப்போது? ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்; மலை பக்கத்திலேயே நின்றாலும் சாலை சமதளம். 744ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் தெற்கே சேத்தூர், சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர் வழியாகத் தென்காசி வரை போனாலும் அப்படித்தான். இந்த ஓட்டத்தில் பிரேக்குக்குப் பேருந்தும் டிராக்டரும் மாடும் திடீரென்று குறுக்கே வரும்போதுதான் வேலை. இரண்டு பிடிப்புகளுக்கு நடுவே டிஸ்க் ஆற நேரம் கிடைத்துவிடும். இந்தச் சாலையில், காலையில் வண்டியை எடுத்த முதல் மிதியிலேயே பெடல் பஞ்சாக இருக்கிறது என்றால் சூட்டைக் குறை சொல்ல முடியாது. காற்று, தேய்மானம், இடைவெளி, கசிவு ஆகியவற்றில் ஒன்றைத் தேட வேண்டும். சித்திரை வெயில் ஆயிலைக் கொதிக்க வைத்துவிட்டது என்று சிலர் சொல்வதுண்டு. வெளியே 40 டிகிரி, பழைய ஆயில் கொதிக்கவோ 140 டிகிரியாவது வேண்டும். வெயில் அந்தத் தூரத்தைக் கடக்காது.

மலைப்பாதையில் கணக்கு மாறுகிறது. ஓட்டுநரையும் சேர்த்து 1,200 கிலோ எடையுள்ள கார் 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒருமுறை நின்றால், பிரேக்கில் சூடாக மாறும் ஆற்றல் சுமார் 460 கிலோஜூல். அதே கார் கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டு வரை இறங்கினால் ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தை இழக்கிறது. அந்த இறக்கத்தின் ஆற்றல் 2 கோடியே 10 லட்சம் ஜூல். 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 45 தடவை அடுத்தடுத்து நிறுத்தியதற்குச் சமம். கீழ் கியரில் இறங்கினால் இதில் பெரும் பங்கை எஞ்சின் ஏற்றுக்கொள்ளும். நியூட்ரலில் விட்டோ, உயர் கியரில் பெடலை அழுத்தியபடியே இறங்கினாலோ ஏறக்குறைய முழுச் சுமையும் நான்கு சக்கரங்களின் டிஸ்க், டிரம் மீதுதான் விழும், அதிலும் முன்சக்கரங்களின் மீது அதிகமாக. செங்கோட்டை தாண்டி, புளியரை எஸ் வளைவு வழியாக ஆரியங்காவுக் கணவாயைக் கடப்பதை இதனோடு ஒப்பிடக் கூடாது. அந்தக் கணவாய் தாழ்வானது, இறங்கும் உயரம் கொடைக்கானல் இறக்கத்தின் ஒரு சிறு பங்குதான். புளியரை இறக்கத்திலேயே உங்கள் பெடல் பஞ்சாகிறதென்றால், ஆயில் மிகப் பழையது என்றோ ஏதோ ஒரு சக்கரத்தில் பிரேக் விடாமல் உரசிக்கொண்டே வருகிறது என்றோ சந்தேகப்பட வேண்டும்.

பழைய ஆயிலுக்கும் சூட்டுக்கும் என்ன உறவு? கார்களில் நாம் ஊற்றும் டாட் 3, டாட் 4, டாட் 5.1 வகைகள் கிளைக்கால் சேர்மங்களால் ஆனவை. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவது அவற்றின் இயல்பு. பிரேக் ஆயில் டப்பா மூடியின் காற்றுத்துளை வழியாகவும் ரப்பர் ஓஸின் சுவர் வழியாகவும் ஈரம் மெல்ல உள்ளே போய்க்கொண்டே இருக்கும். அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் தரவரையறை ஒவ்வொரு வகைக்கும் இரண்டு கொதிநிலைகளைக் குறிக்கிறது: புதிதாக இருக்கும்போது ஒன்று, சுமார் 3.7 சதவீதம் நீர் கலந்தபின் ஒன்று. டாட் 3 புதிதில் குறைந்தது 205 டிகிரி, நீர் கலந்தபின் 140. டாட் 4க்கு 230, 155. டாட் 5.1க்கு 260, 180. பல ஆண்டு மாற்றாத டாட் 3 ஆயிலுள்ள கார் மலையிறங்கும்போது, அதன் எல்லை புது டாட் 4 ஆயிலை விட 90 டிகிரி தாழ்ந்துவிட்டது என்பதை இந்த எண்களிலிருந்து நீங்களே கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். அந்த எல்லையைத் தொட்டதும் காலிப்பருக்குள் ஆவிக்குமிழிகள் பிறக்கும். ஆவியும் காற்றைப் போலவே அமுங்கும். பெடல் கீழே போகும்.

இங்கே ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. கொதிப்பு பெரும்பாலும் இறங்கிக்கொண்டிருக்கும்போது வெளிப்படாது, இறங்கி முடித்து நின்ற பிறகு வெளிப்படும். ஓடும்வரை காற்று டிஸ்க்கைக் குளிர்வித்துக்கொண்டிருந்தது. அடிவாரத்தில் டீ குடிக்க வண்டியை நிறுத்தியதும் அந்தக் காற்று நின்றுவிடுகிறது. டிஸ்க்கிலும் பேடிலும் தேங்கிய சூடு பிஸ்டன் வழியாக ஆயிலுக்கு ஏறுகிறது. சில நிமிடங்கள் கழித்து வண்டியை எடுக்கும்போது முதல் மிதி தரைவரை போகலாம். அதனால் மலையிறங்கியதும் உடனே நிறுத்தாமல், சமதளத்தில் சில கிலோமீட்டர் மெதுவாக, பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டிவிட்டு நிறுத்துவது நல்லது. நிறுத்தியபின் சூடான டிரம் மீது ஹேண்ட் பிரேக்கை இறுக்கி இழுக்காமல் கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கல் வைப்பதும் நல்லது. அடுத்து நடப்பது இன்னும் மோசம். வண்டி ஊர் திரும்பும் முன் ஆயில் ஆறிவிடும், ஆவி மறுபடி நீராகி ஆயிலோடு கலந்துவிடும், பெடல் கெட்டியாகிவிடும். மறுநாள் ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக் மிதித்துப் பார்த்து ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடுவார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் முன் சாட்சியமே இல்லை. ஆகவே ராஜபாளையத்தில் ஒர்க்‌ஷாப்புக்குப் போகும்போது பெடல் பஞ்சு என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்த மலையில், எத்தனை நேரம் இறங்கியபின், நிற்கும் முன்பா பின்பா, எவ்வளவு நேரத்தில் சரியானது என்பதையும் சொல்லுங்கள். அந்த நான்கு விவரங்கள் எந்தக் கருவியையும் விடப் பயன்படும்.

மலையில் வரும் எல்லாத் தொல்லையும் ஆயில் தொல்லையல்ல. பெடல் கல்போலக் கெட்டியாக இருந்தும் கார் நிற்க மறுத்து, கருகிய வாடை அடித்தால், சூடேறி வழுக்குவது பேட். அங்கே ஆயில் மாற்றிப் பயனில்லை, சூடு தாங்கும் பேடுதான் தேவை. பெடல் மெத்தென்று அமுங்கினால் ஆயில், கெட்டியாக இருந்து பிடிக்காவிட்டால் பேட்: இவ்வளவுதான் வேறுபாடு. இதைக் குழப்பிக்கொள்வதால்தான் தவறான பொருளுக்குப் பணம் போகிறது.

இப்போது இரண்டாவது கேள்வி, எங்கே? சமதளத்தில், குளிர்ந்த வண்டியில், எப்போதும் பஞ்சாக இருக்கும் பெடலை எடுத்துக்கொள்வோம். எஞ்சினை அணைத்துவிட்டு ஐந்தாறு தடவை மிதித்தால் பூஸ்டரிலுள்ள வெற்றிடம் தீர்ந்துவிடும். அதன்பின் மிதித்துப் பிடித்தால் காலுக்குத் தெரிவது ஆயிலின் உண்மையான கெட்டித்தன்மை; பூஸ்டர் இடையில் இல்லை. அப்படியே பிடித்துக்கொண்டு எஞ்சினை ஓடவிட்டால் பெடல் சற்றே இறங்கி நிற்க வேண்டும், அது பூஸ்டர் வேலை செய்வதன் அடையாளம். பூஸ்டர் கெட்டால் பெடல் கடினமாகுமே தவிரப் பஞ்சாகாது என்பதால், பஞ்சுப் பெடலுக்காகப் பூஸ்டரை மாற்றச் சொல்பவரிடம் காரணம் கேளுங்கள். அடுத்து, மிதமான அழுத்தத்தோடு அரை நிமிடம் பெடலை அசையாமல் பிடித்திருங்கள். அது நிற்காமல் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால் அதைப் பஞ்சு என்று சொல்லக் கூடாது, அது கசிவு. சக்கரங்களின் உட்பக்கம், பைப் மூட்டுகள், வீல் சிலிண்டர்கள் எங்காவது ஈரம் இருக்கிறதா பாருங்கள். எங்கும் ஈரமில்லாமல் டப்பாவில் ஆயில் மட்டும் குறைகிறதென்றால் மாஸ்டர் சிலிண்டரின் பின்பக்கம் வழியாகப் பூஸ்டருக்குள் போகிறது. குறையவும் இல்லை, ஆனால் பெடல் இறங்குகிறது என்றால் மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் கப் தேய்ந்து, ஆயில் முன்னறையிலிருந்து பின்னுக்கு வழிகிறது. இந்த மூன்றில் எதுவாக இருந்தாலும் ஏர் எடுப்பது, அதாவது குழாயிலுள்ள காற்றை வெளியேற்றுவது, தீர்வல்ல.

பெடல் இறங்காமல் நிற்கிறது, ஆனால் தாழ்வாகவும் மெத்தென்றும் இருக்கிறது என்றால், வேகமாக இரண்டு மூன்று தடவை பம்ப் அடித்துப் பாருங்கள். நம் ஊர் ஓட்டுநர்கள் எல்லோருக்கும் பழகிய செயல்தான், ஆனால் அதன் விடையைச் சரியாகப் படிப்பவர்கள் குறைவு. பம்ப் அடித்ததும் பெடல் மேலே வந்து கெட்டியாகவும் ஆகிவிட்டால், காற்றைவிட இடைவெளி மீதுதான் சந்தேகம் விழ வேண்டும். பேடோ ஷூவோ தன் இடத்திலிருந்து வெகுதூரம் விலகி நிற்கிறது. முதல் மிதி அந்தத் தூரத்தைக் கடப்பதிலேயே தீர்ந்துவிடுகிறது. மேலே வந்தபின்னும் ஸ்பிரிங் போல் துள்ளினால் காற்று. பின்சக்கரத்தில் டிரம் உள்ள கார்களுக்கு ஒரு கூடுதல் சோதனை உண்டு. ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி அப்படிப்பட்டது. ஹூண்டாய் ஐ20 என் லைன் போல் நான்கிலும் டிஸ்க் உள்ள காருக்கு இது பொருந்தாது. ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்து வைத்துக்கொண்டு பெடலை மிதியுங்கள். அப்போது பெடல் உயரமாகவும் கெட்டியாகவும் மாறினால், பின் ஷூக்களின் அட்ஜஸ்டர் வேலை செய்யவில்லை, இடைவெளி கூடிவிட்டது என்று பொருள். டிரம்மைக் கழற்றித் தூசியைத் துடைத்து, அட்ஜஸ்டரை இளக்கி, ஷூவைச் சரிப்படுத்தினால் போதும். எஞ்சினுக்கும் சைலன்சருக்கும் லட்சக்கணக்கில் செலவழித்தவரின் காரில் பின் டிரம் வருடக்கணக்காகத் திறக்கப்படாமல் இருப்பது ஒரு வேடிக்கை, ஆனால் அரிதான வேடிக்கை அல்ல.

காற்றுதான் என்று தோன்றினால் அது எந்தச் சக்கரத்தில் என்று பிரித்தறியலாம். உருண்டை விளிம்புள்ள ஓஸ் கிளாம்பால் ரப்பர் ஓஸ்களை ஒவ்வொன்றாக மென்மையாக இறுக்கிப் பெடலை மிதித்துப் பாருங்கள். எந்த ஓஸை அடைத்ததும் பெடல் சட்டென்று கெட்டியாகிறதோ, குறை அந்தச் சக்கரத்தில். நான்கையும் அடைத்தபின்னும் பஞ்சாகவே இருந்தால் குறை மேலே, மாஸ்டர் சிலிண்டரிலோ ஏபிஎஸ் பெட்டியிலோ. கட்டிங் பிளேயரால் ஓஸை நசுக்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. உள்சுவர் கிழிந்து, பின்னாளில் அந்த ஓஸ் ஒருவழிப் பாதையாக மாறிப் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொள்ளும். ஸ்டீல் பின்னல் ஓஸை எந்தக் கிளாம்பாலும் நசுக்கக் கூடாது.

ஒரே சக்கரம் என்று தெரிந்தபின்னும் காற்று என்று அவசரப்பட வேண்டாம். காலிப்பர் நகரும் பின்கள் துருப்பிடித்து இறுகியிருந்தால், ஒரு பக்கப் பேட் மட்டும் டிஸ்க்கில் போய் முட்ட, காலிப்பர் மொத்தமாக வளைந்து கொடுத்துத்தான் மறுபக்கப் பேட் வந்து சேரும். அந்த வளைவு காலுக்குப் பஞ்சாகத் தெரியும். பேட் ஆப்புபோல ஒருபக்கம் தேய்ந்திருந்தாலும், பேடுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே இரண்டு மூன்று தகடுகளை அடுக்கியிருந்தாலும், வீல் பேரிங் ஆடி டிஸ்க் பேடைப் பின்னுக்குத் தள்ளினாலும் இதே உணர்வுதான். காலிப்பர்களை ஓவர்ஹால் செய்து மாட்டியதிலிருந்து பஞ்சு போகவே இல்லை என்ற புகாருக்கு ஒரு பழைய காரணம் உண்டு: இடதும் வலதும் மாறி மாட்டப்பட்டிருக்கும். ஏர் எடுக்கும் நிப்பிள் காலிப்பரின் உச்சியில் இருக்க வேண்டும். மாறி மாட்டினால் அது அடியில் போய்விடும். எத்தனை பாட்டில் ஆயில் ஓட்டினாலும் மேலே தங்கிய காற்று அசையாது. மாட்டியதும் நிப்பிள் எங்கே இருக்கிறது என்று ஒரு பார்வை பார்த்தால் ஒரு நாள் வேலை மிச்சம்.

ஏர் எடுப்பதைப் பற்றிச் சில விஷயங்களை மட்டும் வலியுறுத்துகிறேன், மற்றவை எல்லா மெக்கானிக்குக்கும் தெரிந்தவை. சீல் உடைக்காத பாட்டில் மட்டுமே. போன வருடம் திறந்து அலமாரியில் வைத்தது ஈரத்தைக் குடித்திருக்கும். மாஸ்டர் சிலிண்டரிலிருந்து மிகத் தொலைவிலுள்ள சக்கரத்தில் தொடங்குவது பொது வழக்கம், ஆனால் காரின் கையேடு வேறு வரிசை சொன்னால் கையேடே சரி. டப்பாவில் ஆயில் அடிமட்டத்துக்குப் போக விடாதீர்கள், போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பழைய காரில் ஒருவர் பெடலைத் தரைவரை மிதிக்கும் முறை ஆபத்தானது. அன்றாட ஓட்டத்தில் பிஸ்டன் போகாத சிலிண்டரின் கடைசிப் பகுதியில் துருவும் கசடும் இருக்கும். அதன்மீது ஓடி ரப்பர் கப் கீறிக்கொள்ளும். நேற்றுவரை பஞ்சாக இருந்த பெடல் ஏர் எடுத்தபின் கசியத் தொடங்குவதன் ரகசியம் இதுதான். பெடலுக்கடியில் ஒரு மரக்கட்டை வைத்துப் பாதி தூரம் மட்டும் மிதிக்கலாம், அல்லது டப்பாவிலிருந்து அழுத்தம் கொடுக்கும் கருவியைப் பயன்படுத்தலாம். ஏபிஎஸ் பெட்டிக்குள் காற்று போயிருந்தால் ஸ்கேனர் மூலம் அதன் வால்வுகளையும் பம்பையும் இயக்கித்தான் வெளியேற்ற முடியும். சாலையோர ஒர்க்‌ஷாப்பில் அந்த வசதி இல்லையென்றால் இருக்கும் இடத்துக்குப் போவதே வழி. இன்னொன்று, உறுதியாகச் சொல்ல வேண்டியது: பிரேக் உதிரிகளைப் பெட்ரோல், டீசல், எஞ்சின் ஆயில் ஆகியவற்றில் கழுவக் கூடாது. பிரேக் ரப்பர் கிளைக்காலுக்கு ஏற்றதாகச் செய்யப்பட்டது. பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊதிவிடும். ஒரு சொட்டு எஞ்சின் ஆயில் டப்பாவில் விழுந்தால்கூட மாஸ்டர் சிலிண்டர் முதல் காலிப்பர் வரை எல்லா ரப்பரையும் மாற்ற வேண்டிவரும். புது பிரேக் ஆயில், இல்லையேல் பிரேக் கிளீனர், இரண்டே இரண்டுதான். பெயின்ட் மேல் பட்ட பிரேக் ஆயிலை உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்பு ஸ்டீல் பின்னல் ஓஸ் போட்டவர்களிடமிருந்து வரும். போட்ட அன்றே பெடல் கெட்டியானது, இதைவிடச் சான்று என்ன வேண்டும் என்பார்கள். அவர்கள் உணர்ந்தது உண்மை. ஆனால் ஓஸ் மாற்றியபோது பழைய ஆயில் வெளியேறியது, புது ஆயில் ஏறியது, நான்கு சக்கரத்திலும் ஏர் எடுக்கப்பட்டது. ஒரே நாளில் மூன்று மாற்றம். புகழ் மட்டும் கண்ணுக்குத் தெரியும் ஓஸுக்குப் போனது. நல்ல நிலையிலுள்ள ரப்பர் ஓஸ் அழுத்தத்தில் எவ்வளவு விரியலாம் என்பதற்குத் தரவரையறை உண்டு, அது சிறிய அளவே. ஓஸ் பத்து வருடம் பழையதாகி, வெடிப்புவிட்டு, மிதிக்கும்போது கையில் தொட்டால் புடைப்பது தெரிந்தால் மாற்றத்தான் வேண்டும். அப்போது பின்னல் ஓஸ் நியாயமான தேர்வு. வரிசைதான் முக்கியம். முதலில் புது ஆயிலும் ஏரும். ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். பிறகும் குறை இருந்தால் ஓஸ். அப்படிச் செய்தால் எது எதைத் தீர்த்தது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

பெரிய மாஸ்டர் சிலிண்டர் போட்டால் பெடல் கெட்டியாகிறதே என்பது இரண்டாவது மறுப்பு. ஆகும். 20 மில்லிமீட்டருக்குப் பதில் 22 போட்டால் பரப்பு 21 சதவீதம் கூடுகிறது; அதே ஆயிலைத் தள்ளப் பெடல் குறைவாக நகர்ந்தால் போதும். ஆனால் அதே கால்பலத்துக்குக் கிடைக்கும் அழுத்தம் 17 சதவீதம் குறைகிறது. கெட்டியான பெடலும் நீண்ட நிறுத்த தூரமும் ஒன்றாக வரலாம் என்பதை இதைவிடத் தெளிவாக எதுவும் காட்டாது. நாம் தேடுவது கெட்டித்தன்மையை அல்ல, குறைந்த தூரத்தில் நிற்பதை. பெரிய காலிப்பர் போடும்போது இதற்கு நேர்மாறாகப் பெடல் தூரம் கூடும், ஏனென்றால் பெரிய பிஸ்டன்கள் அதிக ஆயிலைக் கேட்கும். ஒன்றை மாற்றினால் மற்றொன்றையும் கணக்கிட்டு மாற்ற வேண்டும்.

ரேஸ் ஆயில் எல்லாவற்றையும் தீர்க்கும் என்பாரும் உண்டு. கொதிப்பினால் வரும் பஞ்சுக்கு அது மருந்துதான். கோவை செட்டிபாளையத்திலுள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்திலோ சுற்று ஓடப் போகிறவர் அதைப் போடாமல் போகக் கூடாது. ஆனால் காலை முதல் மிதியிலேயே பஞ்சாக இருக்கும் காருக்கு அதன் 300 டிகிரிக் கொதிநிலையால் ஒரு பயனும் இல்லை. வாங்குபவர்கள் பாட்டிலில் புதிய ஆயிலின் கொதிநிலையை மட்டும் பார்க்கிறார்கள். மாதக்கணக்காக அதே ஆயிலில் ஓட்டப்போகும் சாலைக் காருக்கு முக்கியமானது நீர் கலந்தபின் உள்ள கொதிநிலை. அடிக்கடி மாற்ற மனமில்லாதவர் நல்ல டாட் 4 ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவதே புத்திசாலித்தனம். நம் பக்கம் வறண்ட பூமி, ஈரம் எங்கே ஏறப்போகிறது என்று இதையும் தள்ளிப்போடுபவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: ஐப்பசி, கார்த்திகை வடகிழக்குப் பருவமழை மாதங்களில் இந்த வட்டாரக் காற்று வறண்டதல்ல, ஒருமுறை உறிஞ்சிய ஈரத்தை ஆயில் கோடையில் திருப்பிக் கொடுப்பதும் இல்லை. டாட் 5 என்ற பெயரில் வருவது சிலிக்கோன். அது கிளைக்காலோடு கலக்காது, ஏபிஎஸ் உள்ள காருக்கு ஆகாது, காற்றை உள்வாங்கிப் பெடலை மேலும் மெத்தென்று ஆக்கும். 5க்கும் 5.1க்கும் பெயரில்தான் ஒற்றுமை.

கடைசியாக, சில கார்களின் பெடல் இயல்பிலேயே அப்படித்தான் என்ற வாதம். அதில் நியாயம் உண்டு. பெரிய பூஸ்டர் உள்ள சாலைக் காரின் பெடல் பந்தயக் காரின் பெடல்போல் இருக்காது. இதைத் தீர்மானிக்க ஒரே வழி, அதே மாடல், ஏறக்குறைய அதே வயதுள்ள இன்னொரு காரை எஞ்சின் அணைந்த நிலையில் மிதித்துப் பார்ப்பது. இரண்டும் ஒன்றுபோல் இருந்தால் உங்கள் காரில் குறை இல்லை. உங்கள் எதிர்பார்ப்பில்தான் மாற்றம் வேண்டும். பூஸ்டரே இல்லாத மாணவர் ஃபார்முலா கார்களைப் பார்த்துச் சாலைக் காரை எடைபோடக் கூடாது. கிருஷ்ணன்கோவில், ராஜபாளையம் பொறியியல் கல்லூரிகளில் இத்தகைய காரைக் கட்ட நினைக்கும் மாணவர்கள் இந்த அத்தியாயத்தை மறுபக்கத்திலிருந்து படிக்க வேண்டும். கரி ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபார்முலா பாரத் போன்ற போட்டிகளில், தடத்தில் ஓட அனுமதி பெறும் முன் நான்கு சக்கரமும் பூட்டி நிற்பதைக் காட்டியாக வேண்டும். இரண்டு தனித்தனி ஆயில் சுற்றுகளும் கட்டாயம். அந்தச் சோதனையில் தோற்கும் காரில் பெரும்பாலும் குறை காலிப்பரில் இருக்காது. மிதிக்கும்போது வளையும் பெடல் தாங்கியையும், பைப்பின் உயர்ந்த வளைவில் தங்கிய காற்றையும் முதலில் பாருங்கள்.

வேலை முடிந்ததும் நிறுத்திய வண்டியில் பெடலைப் பத்து முறை மிதித்து, டப்பாவின் ஆயில் மட்டம் பார்த்து, ஆளில்லாத இடத்தில் நடை வேகத்தில் பிடித்துப் பார்த்தபின்னரே சாலைக்கு எடுங்கள். பெடலை அழுத்திப் பிடிக்கும்போது மெல்ல இறங்கிக்கொண்டே போகும் கார் மட்டும் இதற்கு விதிவிலக்கு. அதை ஒர்க்‌ஷாப் வரைகூட ஓட்டாதீர்கள், மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.